ஆயிரம் யென் நோட்டும் ஆடுற பூனையும்

நித்யா: [படம்] இங்க புது 1000 யென் நோட்டு. 2024 ஜூலைல வந்தது. பின்பக்கம் பாருங்க.

குமார் சித்தப்பா: அட, இந்த அலை! நம்ம பல் டாக்டர் கிளினிக்ல மாட்டியிருக்கே. யார் வரைஞ்சது?

நித்யா: ஹொகுசாய். 1831 வாக்குல. அப்பவே அவருக்கு 70 தாண்டியாச்சு.

ராஜி அத்தை: கோடிக்கணக்குல போகும்ல?

நித்யா: 2023ல நியூயார்க் ஏலத்துல ஒரு பிரதி 27 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அந்தக் காலத்துல ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலை, இல்ல கொஞ்சம் கூட. அவ்வளவுதான்.

ராஜி அத்தை: அப்ப ஒரிஜினல் யார்கிட்டடீ இருக்கு?

நித்யா: ஒரிஜினலே கிடையாது அத்தை. அவர் மெல்லிசு தாள்ல வரைஞ்சு குடுப்பார். அதைச் செர்ரிப் பலகைல குப்புற ஒட்டி, வரைஞ்ச கோடு மட்டும் நிக்கற மாதிரி மிச்சத்தைச் செதுக்கி எடுப்பாங்க. அதோட அந்தத் தாள் காலி. அப்புறம் நிறத்துக்கு ஒரு பலகை. மேல தாளை வச்சு கையாலயே தேய்ச்சு அச்சடிக்கணும். ஆயிரக்கணக்குல அடிச்சிருக்காங்க.

குமார் சித்தப்பா: பேரு மட்டும் ஹொகுசாய்க்கு. செதுக்கினவன்?

நித்யா: அதான் எனக்கும் கடுப்பு. பெரும்பாலும் அவங்க பேரே இருக்காது.

ஹரி: இதையெல்லாம் யாருக்கா வாங்கினாங்க? ராஜாவா?

நித்யா: சே, ராஜா எங்க? எடோ, அதாவது இப்ப டோக்கியோ, அங்க இருந்த கடைக்காரங்க, கைத்தொழில்காரங்க. சுமோ வீரர், கபுகி நாடக நடிகர் படம்னா அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்க.

ஹரி: ஃபேன்ஸ் போஸ்டர் 😂

நித்யா: அதேதான்டா. 1842ல அரசாங்கம் நடிகர் படத்துக்கும் கணிகையர் படத்துக்கும் தடை போட்டுச்சு. ஆடம்பரம் கூடாதாம். குனியோஷின்னு ஒருத்தர், சில வருஷம் கழிச்சு, சுவத்துல யாரோ ஆணியால கிறுக்கி வச்ச மாதிரி நடிகர் முகத்தையெல்லாம் வரைஞ்சு வித்தார். தலைப்பே சுவத்துக் கிறுக்கல்னுதான். ரசிகனுக்கு மூக்கைப் பார்த்தாலே யாருன்னு தெரிஞ்சிடுமே! நடுவுல தலைல துண்டைப் போட்டுக்கிட்டு ஒரு பூனை வேற ஆடும்.

ராஜி அத்தை: அந்தப் பூனையை அனுப்பு, டிபி வைக்கணும்.

நித்யா: [படம்]

குமார் சித்தப்பா: மூக்கு நீளமா இருக்கறவன்தான் ஹீரோவா?

ராஜி அத்தை: பூனைதான் ஹீரோ.