6 பலகையும் மாமாவின் மைவி காரும்

குழு: நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் (சிலிம் ரிவர், மலேசியா)

வியாழன்

[இரவு 8:12] கவின்: சனிக்கிழமை யாராவது பெட்டாலிங் ஜெயா பக்கம் போகிறீர்களா? ஒரு பொருள் எடுக்க வேண்டும்.

[8:15] ராஜன் மாமா: நான் போகிறேன். என்ன பொருள்? போன தடவை "சின்னப் பெட்டிதான் மாமா" என்றாய். வந்து பார்த்தால் அலமாரி.

[8:16] கவின்: பலகை மாமா. 2 அடிக்கு 2 அடி, மொத்தம் 6. விற்பவர் பையில் அடுக்கித் தருவார். மைவி பின்சீட் போதும்.

[8:16] கவின்: 📷 படம்

[8:19] மாலா அத்தை: என்னடா இது, மலை மாதிரி? கொலுவுக்கா?

[8:21] கவின்: போர் விளையாட்டுக்கு அத்தை. நான் பெயிண்ட் அடிக்கிற சின்னச் சிப்பாய்களை நிறுத்தி ஆடும் தரை. ஆறையும் சேர்த்தால் 6 அடிக்கு 4 அடி நிலம். வார்ஹேமர் என்ற இந்த விளையாட்டின் கம்பெனியான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2009இல் வெளியிட்டது. இப்போது புதிதாக வருவதில்லை, யாராவது பழசை விற்றால்தான் உண்டு.

[8:22] அம்மா: எவ்வளவு?

[8:22] கவின்: பசியாறியாச்சா அம்மா?

[8:23] அம்மா: நான் அடுப்படியில்தான் நிற்கிறேன். விலையைச் சொல்.

[8:25] கவின்: 480 வெள்ளி. பேசினால் குறைப்பார்.

[8:29] அம்மா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் குழிக்குள் கிடப்பது மண்டை ஓடா?

[8:30] கவின்: ஆமாம். அச்சிலேயே அப்படித்தான் வரும்.

[8:30] அம்மா: நாளைக்கு வெள்ளிக்கிழமை. இதை இன்றைக்கா காட்டுவாய்?

[8:31] ராஜன் மாமா: 😂😂😂

[8:40] சரவணன் அண்ணன்: தம்பி, கெட்டி பிளாஸ்டிக்கா போலிஸ்திரின் நுரையா? அதை முதலில் கேள். போலிஸ்திரின் என்றால் எனக்கு அனுபவம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் காவடி மயிலுக்கு நேரடியாக ஸ்ப்ரே அடித்தேன். கழுத்து கரைந்து கோழிக்குஞ்சு ஆகிவிட்டது. ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பான் அதைத் தின்றுவிடும். முதலில் வெள்ளைப் பசை ஒரு பூச்சு, அப்புறம் சுவர் பெயிண்ட், அதற்குப் பிறகுதான் ஸ்ப்ரே.

[8:42] மாலா அத்தை: அந்த மயிலை நான் வாத்து என்று நினைத்தேன்.

[8:43] கவின்: இது கெட்டி பிளாஸ்டிக் அண்ணா.

[8:47] சரவணன் அண்ணன்: அப்படியானால் சரி. நம் ஊர் ஈரத்துக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை ஊதிவிடும், கறையானுக்கும் விருந்து. பிளாஸ்டிக்குக்கு வெயில்தான் எதிரி. மாமா, வழியில் சாப்பிட நிறுத்தினால் பையை வெயிலில் விட்டுவிடாதீர்கள், நெளிந்துவிடும். ஒரு பலகை நெளிந்தாலும் பக்கத்துப் பலகையோடு விளிம்பு சேராது. காசு கொடுக்கும் முன் ஆறையும் அங்கேயே தரையில் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கிளிப் எல்லாம் இருக்கிறதா என்றும் எண்ணுங்கள்.

[8:48] ராஜன் மாமா: நான் மேங்கோ வாங்கப் போகிறேனா பலகை வாங்கப் போகிறேனா.

[8:52] அம்மா: 6 அடி மேசை நம் வீட்டில் எங்கே இருக்கிறது?

[8:55] கவின்: 2020இல் வந்த விதிப்படி சாதாரண ஆட்டத்துக்கு 60க்கு 44 அங்குலம் போதும் அம்மா. மிச்சம் 12 அங்குலத்தில் பகடை, செத்த சிப்பாய் எல்லாம் வைக்கலாம். ஆடி முடித்ததும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில்.

[9:10] தாத்தா: 🎤 குரல் பதிவு (1:48)

[9:14] மாலா அத்தை: பேருந்தில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. யாராவது எழுதுங்கள்.

[9:26] கவின்: தாத்தா சொன்னது: "இந்தப் படத்தில் இருப்பது எந்த ஊர்? மேடு இருக்கிறது, ஒரு பால் மரம்கூட, ரப்பர் மரம்கூட இல்லையே. 1942 ஜனவரி 7, விடியும் முன்னே ஜப்பான்காரன் டாங்கி துரோலாக் பக்கமிருந்து ரோட்டோடு வந்தது. வளைவை நேராக்கியபோது விட்டுப்போன பழைய ரோடு துண்டுதுண்டாகத் தோட்டத்துக்குள் கிடந்தது. தடுப்பு வைத்த இடத்தில் அதில் புகுந்து பின்பக்கம் வந்துவிட்டான். சிலிம் பாலத்தை வெடிக்க வைத்திருந்த ஒயரை ஒரு ஜப்பான் ஆபிசர் வாளாலேயே வெட்டினான். எங்கள் அப்பா லயத்து வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் படுத்திருந்தார். நாலு நாளில் கோலாலம்பூரும் விழுந்தது. விளையாடுவதென்றால் அதை விளையாடு."

[9:28] சரவணன் அண்ணன்: 🙏

[9:35] கவின்: ஆசைதான் தாத்தா. ஆனால் நான் பார்த்த ஆயத்தத் தரை எல்லாம் பாலைவனம், ஐரோப்பியப் புல்வெளி, இடிந்த நகரம். பால் காடு கண்ணில் படவில்லை. நிரைக்கு நிரை எத்தனை அடி இருக்கும்?

[9:41] தாத்தா: எங்கள் தோட்டத்தில் 20 அடி. நிரைக்கு நேராகப் பார்த்தால் கடைசி மரம் வரை தெரியும். கொஞ்சம் சாய்த்துப் பார், பத்து மரத்தோடு மறைந்துவிடும். கங்காணி நிரை முனையில் நின்றே எல்லாரையும் பிடித்துவிடுவான்.

[9:58] கவின்: கணக்குப் போட்டேன். என் சிப்பாய் 28 மில்லிமீட்டர். அவனை ஐந்தரை அடி ஆளாக வைத்தால் 20 அடிக்கு 10 சென்டிமீட்டர். ஒரு பலகைக்கு நிரைக்கு 6 மரம், மொத்தம் 36. ஆறு பலகைக்கு 216.

[9:59] மாலா அத்தை: 216 மரத்துக்கும் யார் பால் வெட்டுவது?

[10:02] கவின்: ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை போதும். 72 மரம். தண்டுக்கு சத்தே குச்சி, அடியில் காந்தம். இலைக்கூரையைத் தனியாகச் செய்து மேலே வைத்தால், கையை உள்ளே விட வேண்டியபோது தூக்கிவிடலாம். மேடு இல்லாத பலகையில்தான் நிற்கும். சரிவில் சிப்பாயே சறுக்குவான்.

[10:04] தாத்தா: பால் பிடிக்கிற மங்கு வைக்க மறக்காதே. வெட்டுக்குக் கீழே, வயிற்று உயரத்தில்.

[10:09] ராஜன் மாமா: அப்படியென்றால் மேட்டுப் பலகை எதற்கு? தட்டையை மட்டும் கேட்டால் என்ன?

[10:11] கவின்: கேட்டேன் மாமா, பிரித்துத் தர மாட்டாராம். முன்பு ஆடும் தரைக்கு ரப்பர் பாய் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், மடித்து அனுப்பினார்கள். நடுவில் விழுந்த மடிப்பு இன்னும் போகவில்லை. அதற்கு இதுவே மேல்.

[10:15] ராஜன் மாமா: சரி. 400க்கு மேல் பேச்சே இல்லை, நான் பேசுகிறேன். நீ வாயைத் திறக்காதே, உன் முகத்தைப் பார்த்தாலே அவர் விலையை ஏற்றிவிடுவார்.

[10:16] அம்மா: உன் சம்பளம், உன் இஷ்டம். அந்த மண்டை ஓடு மட்டும் என் வீட்டுக்குள் வரக்கூடாது.

[10:18] சரவணன் அண்ணன்: மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைத்துக் குழியில் அப்பிவிடலாம் அத்தை. காய்ந்ததும் மண் நிறம் அடித்தால் கான் மாதிரியே இருக்கும். மரத்தூள் என் பட்டறையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வா தம்பி.

[10:19] தாத்தா: 👍

[10:21] ராஜன் மாமா: சனி காலை 7 மணி. குளித்துப் பசியாறி ரோட்டு முனையில் நில். மாலா, உனக்கு அங்கே என்ன வாங்க வேண்டும்? பின்சீட்டில் இடமில்லை, மடியில் வைத்துக்கொண்டு வருகிற சைஸில் சொல்.