மாமனாருக்கு வைட்டமின் டி 9 தான் – நிமோனியா முற்றியது அதனாலா?

தறிக்காரி (கரூர்):

என் மாமனாருக்கு வயது 67. பதினான்கு வருடமாகச் சர்க்கரை. தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த மூன்றாம் நாள் சளி பிடித்தது, அப்புறம் காய்ச்சல். கசாயம், பாராசிட்டமால் என்று ஓட்டினோம். ஐந்தாம் நாள் விடியற்காலை பாத்ரூம் போய்விட்டு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து, பேச முடியாமல் மூச்சு வாங்கினார். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைத் தேடி எடுத்து, பேட்டரி மாற்றி விரலில் மாட்டினால் 88. நேராக ஆஸ்பத்திரி. மூக்கில் ஸ்வாப் எடுத்துப் பார்த்ததில் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ. நிமோனியா இரண்டு பக்கமும். ஏழு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தோம்.

சேர்த்த மறுநாள் காலை எடுத்த ரத்தத்தில் வைட்டமின் டி 9.2. ரிப்போர்ட்டைப் பார்த்த இளம் டாக்டர், "இவ்வளவு கம்மியா இருந்தா நுரையீரல் எப்படிங்க தாங்கும்?" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், எங்கள் வீட்டில் அதுவே தீர்ப்பாகிவிட்டது. கொழுந்தனார் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடி சாஷே வாங்கி வந்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. மாமாவுக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று சீட்டில் எழுதியிருந்தது. அத்தை மருந்தையெல்லாம் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். தினமும் காலையில் சர்க்கரை மாத்திரை கொடுக்கும்போது இந்தப் பொடியையும் பாலில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். நேற்றுதான் பார்த்தேன், எட்டில் மூன்றுதான் மிச்சம். ஐந்து நாளில் மூன்று லட்சம் யூனிட் உள்ளே போயிருக்கிறது.

ஆள் தெம்பாகத்தான் இருக்கிறார். இருந்தாலும் பயமாக இருக்கிறது. இந்த 9 தான் அவரை அவ்வளவு தூரம் கொண்டு போனதா? நாங்கள் எல்லோரும் சாப்பிட்டால் அடுத்த தடவை இப்படி ஆகாதா?

மருந்துக்கடை அண்ணன் (ஈரோடு):

அம்மா, முதலில் பொடியை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இன்றே போன் போட்டு, ஐந்து நாளில் ஐந்து சாஷே போய்விட்டது என்று அப்படியே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். உங்கள் அத்தை மட்டும் இல்லை, என் கடையில் வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்படிச் செய்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை என்கிற மருந்து நம் ஆட்களுக்கு மனதில் நிற்பதில்லை. நான் இப்போதெல்லாம் உறை மேலேயே ஸ்கெட்ச் பேனாவில் 'ஞாயிறு' என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.

பழைய டூட்டி டாக்டர் (மதுரை):

அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. மூன்று லட்சம் யூனிட்டை ஒரே ஊசியாகப் போடும் பழக்கமே நம் ஊரில் உண்டு, அதனால் இந்த ஐந்து நாளை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மாதக்கணக்கில் தினமும் 60,000 விழுங்கிவிட்டு, கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாகச் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விஷயம் அங்கேதான் ஆபத்தாகிறது. வயதும் சர்க்கரையும் இருப்பதால் கால்சியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரொம்பத் தாகம், மலச்சிக்கல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம் என்று எது வந்தாலும் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.

இப்போது அந்த 9.2. அது எப்போது எடுத்த ரத்தம் என்று கவனித்தீர்களா? காய்ச்சல் உச்சத்தில், சேர்த்த மறுநாள். உடம்பில் அழற்சி கூடும்போது ரத்தத்தில் வைட்டமின் டி அளவு தானாகவே இறங்கும். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களுக்கு, அறுவைக்கு முன்னும் அடுத்த ஓரிரு நாளிலும் அளந்து பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. சுமார் 40 சதவீதம் இறங்கியிருந்தது. அந்த இரண்டு நாளில் யாரும் வெயிலைத் திருடிக்கொண்டு போகவில்லை. ஆக, உங்கள் மாமனாருக்கு டி குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் டி குறைந்ததா என்று அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்லவே முடியாது. முன்பே குறைவாகவும் இருந்திருக்கலாம். வயது, சர்க்கரை, வீட்டுக்குள்ளேயே இருப்பது, எல்லாமே டி-யையும் குறைக்கும், நிமோனியாவுக்கும் வழி விடும்.

இதை நான் ஏதோ எட்ட நின்று சொல்லவில்லை. 2020-இல் கொரோனா வார்டில் இருந்தபோது என் டிராயர் நிறைய இந்த சாஷேதான். ஸ்பெயினில் கோர்டோபா நகரத்து ஆய்வு ஒன்று அப்போது வந்தது. வைட்டமின் டி-யின் ஒரு வடிவமான கால்சிஃபிடையால் கொடுத்த 50 பேரில் ஒருவர்தான் ஐசியூ போனார், கொடுக்காத 26 பேரில் 13 பேர் போனார்கள். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வார்டில் ஒருவர் விடாமல் கொடுத்தோம். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. கிருமியைத் தாக்கும் கதெலிசிடின் என்ற புரதத்தை நம் செல்கள் சுரக்க வைட்டமின் டி உதவுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் செல்லில் நடப்பதெல்லாம் வார்டில் நடந்துவிடுவதில்லை. 2021-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 240 கொரோனா நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு ஒரே வேளையில் இரண்டு லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவு ஜம்மென்று ஏறியது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களோ இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான், நடுமதிப்பு ஏழு நாள். உங்கள் மாமனார் இருந்ததும் ஏழு என்று படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, வருமுன் காக்குமா? 2017-இல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சின்னப் பலன் ஒன்று தெரிந்தது. அதுவும் தினமோ வாரமோ சிறுகச் சிறுக எடுத்தவர்களுக்கு, அதிலும் டி அளவு 10-க்குக் கீழே இருந்தவர்களுக்கு. மொத்தமாகக் கொட்டியவர்களுக்கு இல்லை. அப்புறம் பிரிட்டனில் 6,200 பேர், நார்வேயில் டி உள்ள காட் மீன் ஈரல் எண்ணெயைப் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்த 34,000-க்கும் மேற்பட்டவர்கள், இரண்டு ஆய்வும் 2022-இல் வெளிவந்தன. இரண்டிலும் கொரோனாவும் குறையவில்லை, மற்ற சளிக் காய்ச்சலும் குறையவில்லை. 2025-இல் பழையதையும் புதியதையும் சேர்த்துக் கூட்டியபோது அந்தச் சின்னப் பலனும் உறுதியாக நிற்கவில்லை. நார்வே ஆட்களில் பெரும்பாலோருக்கு முதலிலேயே டி போதுமான அளவு இருந்தது என்று சிலர் சொல்வார்கள், அது நியாயமான பேச்சுதான். அதனால்தான் உங்கள் மாமனாருக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலும்புக்காகவாவது அவருக்கு வேண்டும். எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். குழந்தைகளுக்கும் உங்களுக்கும் வாங்கியதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். அவர் என்ன தொழில் செய்தார்? ஃப்ளூ தடுப்பூசி எப்போதாவது போட்டிருக்கிறாரா?

தறிக்காரி (கரூர்):

டாக்டர், சொந்தத் தறிப்பட்டறை. நாற்பது வருடம் அதற்குள்ளேதான். காலையில் இருட்டோடு போனால் இருட்டியதும்தான் வருவார். ஃப்ளூ ஊசி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

பழைய டூட்டி டாக்டர் (மதுரை):

நாற்பது வருடப் பஞ்சுத் தூசி, பதினான்கு வருடச் சர்க்கரை, 67 வயது, போட்டிராத ஊசி, ஐந்தாம் நாள் வருகை. இவ்வளவும் இருக்கும்போது பழியை 9 மேல் மட்டும் போட எனக்கு மனசு வரவில்லை. ஃப்ளூ மருந்தை முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். உங்களைக் குறை சொல்லவில்லை அம்மா, என் சொந்த அப்பாவையே நான் நான்காம் நாள்தான் கூட்டிப் போனேன். ஊசி வருடா வருடம் போட வேண்டும். மாமனாருக்கு மட்டும் இல்லை, அத்தைக்கும் சேர்த்து.

உப்பளத்தான் (தூத்துக்குடி):

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு ஒன்று புரியவில்லை. கரூர் வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒருவருக்கு 9 என்றால் லேப் மேல்தான் எனக்குச் சந்தேகம். உப்பு வாரிய என் அப்பாவுக்கு எந்த வைட்டமினும் குறைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

பழைய டூட்டி டாக்டர் (மதுரை):

உங்கள் அப்பாவுக்கு யாரும் டெஸ்ட் எடுத்திருக்க மாட்டார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் அவர் வெயிலில் நின்றார். தறிப்பட்டறைக்கூரை வெப்பத்தைத்தான் உள்ளே விடும், வெயிலை விடாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் இதற்கு உதவாது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை. நம் ஊரில் அது நன்றாக விழுவது பகல் 11 மணியிலிருந்து 2 வரை. அந்த நேரத்தில் நாம் எல்லோரும் நிழல் தேடி ஓடுகிறோம். கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் வேண்டும். திருப்பதிப் பக்கம் எடுத்த ஆய்வில் வயலில் வேலை செய்தவர்களுக்கு நகரத்து ஆட்களைவிட அதிகம் இருந்தது, அப்படியும் பலருக்குக் குறைவுதான்.

தறிக்காரி (கரூர்):

எல்லோருக்கும் நன்றி. இன்று ரிசல்ட் வந்தது. கால்சியம் 9.8, சரியான அளவுதான். கிரியேட்டினினும் பழையபடியே. எங்கள் டாக்டர் ஒரு மாதத்துக்கு எதுவும் வேண்டாம், மூன்று மாதம் கழித்து டி-யைத் திரும்பப் பார்க்கலாம் என்றார். உடம்பு நன்றாகத் தேறியதும் ஊசி. கொழுந்தனார் முகத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாமா நேற்று பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் பனியனோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன மாமா என்றேன். "ஓசியில கிடைக்குதுன்னாங்களே" என்றார்.

அத்தைதான் இன்னும் சரியாகவில்லை. மிச்சமிருந்த மூன்று சாஷேயையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி எங்கே என்று எனக்கே சொல்லவில்லை.