லாஸ் வேகாஸ்: சூதாட்டம் இல்லாமல் மூன்று நாள், பெற்றோருடன். எங்கே போகலாம்?

மல்லிப்பந்தல் (கேள்வி):

வணக்கம். ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள். நவம்பர் இரண்டாம் வாரம், செவ்வாய் இரவு இறங்கி சனி காலை கிளம்புவதாகத் திட்டம். கூடவே பன்னிரண்டு வயதுப் பையன். யாருக்கும் சூதாட்ட ஆசை இல்லை. அப்பா மட்டும் "ஒரே ஒரு தடவை அந்த மிஷினைத் தட்டிப் பார்க்கணும்" என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளம் என்றால் அரை மைல் மெதுவாக நடப்பார், படி ஏற முடியாது. பெல்லாஜியோ ஹோட்டல் நீரூற்று, ஸ்ஃபியர் என்ற உருண்டை அரங்கம் பற்றி ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டேன். அதைத் தாண்டி என்ன இருக்கிறது? எல்லா நாளும் கார் வேண்டுமா? கிராண்ட் கேன்யனை ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா?

நெடுஞ்சாலை:

முதலில் வெளிச்சக் கணக்கு. நவம்பர் நடுவில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஸ்ட்ரிப்பில் (பெரிய சூதாட்ட ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் முக்கியச் சாலை) விளக்குக்குக் குறைவில்லை, அது எங்கேயும் ஓடிப்போகாது. ஆகவே பகலை ஊருக்கு வெளியே செலவழியுங்கள், இருட்டிய பின் ஊருக்குள் சுற்றுங்கள். பலர் ராத்திரி இரண்டு மணி வரை அலைந்துவிட்டுக் காலை பதினொன்றுக்கு எழுகிறார்கள். பாதிப் பகல் அதிலேயே போய்விடுகிறது.

ரெட் ராக் கேன்யன்: ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே சுமார் 17 மைல். உள்ளே சீனிக் டிரைவ் என்று காரிலேயே சுற்றிப் பார்க்கும் 13 மைல் சாலை, ஒருவழிப் பாதை. ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டால் திரும்ப முடியாது, முழுச் சுற்றும் மறுபடி வரவேண்டும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை காலை 8 முதல் மாலை 5 வரை உள்ளே நுழைய நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். 8 மணிக்கு முன்னால் நுழைந்துவிட்டால் அது தேவையில்லை. அந்த நேரத்தில் பாறைகளின் சிவப்பும் நன்றாக எழும்பும். நுழைவுக் கட்டணம் தனி. தேசியப் பூங்கா வருடாந்திர பாஸ் இருந்தால் அந்தக் கட்டணம் கிடையாது, ஆனால் முன்பதிவிலிருந்து பாஸ் விலக்குத் தராது. வாசலில் பலர் மாட்டிக்கொண்டு திரும்புவது இதனால்தான்.

உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது அதற்கு முன்பே வரும் கேலிகோ பேசின். அங்கே ரெட் ஸ்பிரிங் என்ற ஊற்றைச் சுற்றி அரை மைல் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. பாறையில் பழங்குடியினர் செதுக்கிய ஓவியங்களையும் பார்க்கலாம். இது சீனிக் டிரைவுக்கு வெளியே இருப்பதால் அந்த முன்பதிவு இதற்கு வேண்டாம். பக்கத்திலேயே சம்மர்லின் பகுதியில் இந்துக் கோயில் இருக்கிறது. திரும்பும் வழியில் போகலாம், நடை திறக்கும் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலி ஆஃப் ஃபயர்: வடகிழக்கே சுமார் 50 மைல். ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் ரெட் ராக்கை விட்டுவிட்டு இதற்குப் போங்கள் என்பேன். நெவாடாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. மாநிலப் பூங்கா என்பதால் தேசிய பாஸ் செல்லாது: நெவாடா நம்பர் பிளேட் இருந்தால் காருக்கு 10 டாலர், வெளிமாநில பிளேட் என்றால் 15. வாடகைக் காரில் எந்த மாநில பிளேட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பீஹைவ்ஸ் பாறைகள் சாலையோரத்திலேயே இருக்கின்றன, இறங்கினால் போதும். மவுசஸ் டேங்க் சாலையைக் காருக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அதுதான் பூங்காவின் மிக அழகான பகுதி. அட்லட்ல் ராக்கில் செங்குத்தான இரும்புப் படி, அம்மா கீழேயே இருக்கட்டும். பையனுக்கு ஃபயர் வேவ் பாதை, போய்வர ஏறக்குறைய ஒன்றரை மைல், நிழலே கிடையாது. கோடையில் வெப்பத்தால் இந்தப் பாதையையே மூடிவிடுவார்கள். உங்களுக்கு நவம்பர் என்பதால் சிக்கல் இல்லை.

பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் இல்லை. செல்போன் சிக்னல் பல இடங்களில் வராது. ஐ-15 நெடுஞ்சாலையின் 75-ஆம் எக்ஸிட்டிலேயே பெட்ரோல், தண்ணீர், கழிவறை எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:

ஊருக்குள் இருப்பதை நான் சொல்கிறேன்.

அணுச் சோதனை அருங்காட்சியகம், ஃபிளமிங்கோ சாலையில், ஸ்ட்ரிப்புக்குக் கிழக்கே. பாலைவனத்தில் 1951-இலிருந்து நடந்த அணுவெடிப்புகளின் வரலாறு. மொத்தம் 928 சோதனைகள், அதில் 100 வளிமண்டலத்தில். அந்தக் காலத்தில் காளான் மேகத்தைப் பார்ப்பதே இந்த ஊரில் சுற்றுலாவாக விற்கப்பட்டது. வெடிப்பைப் போல இருக்கை அதிரும் சிறிய திரையரங்கு ஒன்று உண்டு; பையனுக்குப் பிடிக்கும்.

மாப் மியூசியம் (குற்றக் கும்பல்களின் வரலாறு), டவுன்டவுன் என்ற பழைய நகர மையத்தில். 1933-இல் கட்டிய பழைய அஞ்சலகம், மத்திய நீதிமன்றக் கட்டடம். 1950-இல் செனட்டர் கீஃபாவர் குழு கும்பல்களைப் பற்றி விசாரணை நடத்திய அதே அறை உள்ளே இருக்கிறது. லிஃப்ட் உண்டு. சில படங்கள் ரத்தக்களரி. பன்னிரண்டு வயதுக்கு நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டரை மணி நேரமாவது வேண்டும்.

நியான் மியூசியம்: கழற்றிப் போட்ட பழைய ஹோட்டல் விளக்குப் பலகைகளின் திறந்தவெளி முற்றம். மாலை நேர டிக்கெட்டுகள் சீக்கிரம் தீரும், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். எல்லாப் பலகையும் எரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலதான் உயிரோடு எரியும், மற்றவற்றின் மேல் வெளியிலிருந்து ஒளி பாய்ச்சியிருப்பார்கள். தரை சரளைக்கல், அம்மாவுக்குக் கெட்டியான ஷூ.

ஸ்பிரிங்ஸ் ப்ரிசர்வ்: இந்த ஊர் பிறக்கக் காரணமான ஊற்று இருந்த இடம். நிலத்தடி நீரை இறைத்து இறைத்து 1962-இல் ஊற்று வற்றிப்போனது. பாலைவனத் தோட்டம், மாநில அருங்காட்சியகம் எல்லாம் ஒரே வளாகம். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துவிட்டுப் போங்கள்.

காசு கொடுக்காமல் பார்ப்பவை: ஃபிளமிங்கோ ஹோட்டலின் பின்புறம் பறவைத் தோட்டம், பெல்லாஜியோவின் கண்ணாடிப் பூந்தோட்டம் (பருவக் காட்சியை மாற்றும் சில நாட்கள் மூடியிருக்கும், நவம்பரில் அது நடக்கக்கூடும்), பக்கத்து ஊரான ஹெண்டர்சனில் எத்தல் எம் சாக்லேட் ஆலையை ஒட்டிய கள்ளித் தோட்டம். பையனுக்குப் பின்பால் ஹால் ஆஃப் ஃபேம் (பந்தைத் தட்டி ஆடும் பழைய விளையாட்டு மிஷின்கள்): நுழைவு இலவசம், கால் டாலர் நாணயங்கள்தான் செலவு.

கார் எல்லா நாளும் வேண்டாம். ஸ்ட்ரிப் ஹோட்டல்களில் பெரும்பாலானவை பார்க்கிங்குக்குத் தினமும் வாங்குகின்றன. வெளியே போகும் நாட்களுக்கு மட்டும் எடுங்கள். மற்ற நாட்களில் டியூஸ் என்ற இரட்டை மாடிப் பேருந்து, 24 மணி நேரமும் ஸ்ட்ரிப்பிலிருந்து டவுன்டவுன் வரை ஓடும். மாலையில் நெரிசலில் ஊர்ந்துதான் போகும். மோனோரயில் ஹோட்டல்களின் முதுகுப்பக்கமாக ஓடுகிறது, நிலையத்திலிருந்து வாசலுக்கே பத்து நிமிட நடை. விமான நிலையத்துக்கும் போகாது. அம்மாவுக்கு ஏற்றது இலவச டிராம்கள்: மாண்டலே பே, லக்சர், எக்ஸ்கேலிபர் ஹோட்டல்களை இணைப்பது ஒரு பாதை, பார்க் எம்ஜிஎம், ஆரியா, பெல்லாஜியோ ஹோட்டல்களை இணைப்பது இன்னொன்று.

தங்குமிடத்தில் ஒரு கவனம். கேசினோ தளத்தில் புகை பிடிக்கலாம், அறைக்குப் போக அதைக் கடந்துதான் ஆகவேண்டும். பார்க் எம்ஜிஎம் புகையில்லாத கேசினோ. வ்தாரா ஹோட்டலில் கேசினோவே இல்லை. இரண்டுமே அந்த இரண்டாவது டிராம் பாதையில் இருக்கின்றன. வழக்கமான கேசினோ ஹோட்டல் அறையில் மைக்ரோவேவோ கெட்டிலோ இருக்காது, ரசம் சாதம் கனவு காணவேண்டாம். ரிசார்ட் ஃபீ என்று அறை வாடகைக்கு மேல் ஒரு இரவுக்கு 40, 50 டாலர் சேரும். அதோடு சேர்த்த மொத்தத் தொகையைப் பார்த்தே ஹோட்டல்களை ஒப்பிடுங்கள்.

மல்லிப்பந்தல்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கிராண்ட் கேன்யன் பற்றி யாராவது சொல்லுங்களேன், அப்பா அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்புறம், பையனைக் கூட்டிக்கொண்டு கேசினோ வழியாக நடக்கலாமா?

வெயிலூரான்:

அக்கா, விளம்பரத்தில் "கிராண்ட் கேன்யன்" என்று போட்டிருப்பது இரண்டு வேறு இடங்கள். தேசியப் பூங்காவின் சவுத் ரிம் (தெற்கு விளிம்பு) சுமார் 280 மைல், ஒருவழிக்கே நாலரை மணி நேரம். வெஸ்ட் ரிம் (மேற்கு விளிம்பு) ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். கண்ணாடித் தரை ஸ்கைவாக் அங்கேதான். அங்கே தேசிய பாஸ் செல்லாது, அவர்களின் டிக்கெட், ஸ்கைவாக்குக்கு மேற்கொண்டு காசு. காரை விட்டுவிட்டு அவர்களுடைய பேருந்தில்தான் உள்ளே சுற்றவேண்டும்.

புகைப்படங்களில் பார்க்கும் அந்த அகலமும் அடுக்கும் சவுத் ரிம்மில்தான். நவம்பரில் ஒரே நாளில் போய்வந்தால் ஒன்பது மணி நேரம் காரில், இரண்டு மணி நேரம் விளிம்பில், திரும்புவது இருட்டில், மான் குறுக்கே பாயும் சாலையில். முதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஒரு இரவு அங்கேயே தங்க முடிந்தால் போங்கள், இல்லையென்றால் வெஸ்ட் ரிம்மோடு நிறுத்துங்கள். இன்னொன்று: இரண்டு இடமும் அரிசோனா மாநிலத்தில், அந்த மாநிலம் கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். டிக்கெட்டில் இருப்பது அரிசோனா நேரம்.

எனக்குக் கேட்டால், அந்த நாளை ஹூவர் அணைக்குக் கொடுப்பேன். முக்கால் மணி நேரப் பயணம், 221 மீட்டர் உயரம், 1935-இல் முடிந்தது. அணையின் மேல் நடந்து நெவாடா, அரிசோனா மாநில எல்லையைத் தாண்டலாம். இரு பக்கக் கோபுரங்களிலும் இரண்டு மாநில நேரம் காட்டும் கடிகாரங்கள். கோடையில் ஒரே நேரம் காட்டும், நீங்கள் போகும்போது ஒரு மணி வித்தியாசம். மேலே 2010-இல் திறந்த பாலத்தில் காரில் போனால் கைப்பிடிச் சுவர் மறைத்து அணை தெரியவே தெரியாது, இறங்கி நடைபாதைக்குப் போகவேண்டும். படியோடு சரிவுப் பாதையும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு போல்டர் சிட்டி: அணைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர், நெவாடாவிலேயே இன்றும் சூதாட்டத் தடை உள்ள அபூர்வ இடம்.

பையன் விஷயம்: 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேசினோ வழியாகக் கடந்து போகலாம், மிஷின் பக்கத்தில் நிற்கக் கூடாது. தாத்தா ஆடும்போது பேரன் பக்கத்தில் நின்றால் காவலர் வந்துவிடுவார். அப்பா பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:

அப்பாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தால்: வெளிநாட்டவருக்கு ஸ்லாட் மிஷினில் பெரிய ஜாக்பாட் விழுந்தால் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். சில நாடுகளுக்கு வரி ஒப்பந்தப்படி விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் படிவத்தை வாங்கி வையுங்கள்.

நெடுஞ்சாலை:

விட்டுப்போனவை. ஸ்ட்ரிப்பின் நடைமேம்பாலங்களில் நின்று படம் எடுக்காதீர்கள். 2024 முதல் அங்கே நிற்பதே சட்டப்படி குற்றம். பல சந்திகளில் தரைவழியாகக் கடக்க முடியாது, லிஃப்ட் எந்த மூலையில் என்று பார்த்து அம்மாவைக் கூட்டிப் போங்கள். "இலவச ஷோ டிக்கெட்" என்று கூப்பிடுபவர்கள் டைம்ஷேர் (விடுமுறை வீட்டில் வருடத்தில் சில நாள் தங்கும் பங்கு) விற்பவர்கள், அரைநாள் காலி. விமான நிலையத்திலிருந்து ஸ்ட்ரிப்புக்கு டாக்ஸியில் நிர்ணயக் கட்டணம் உண்டு, ஏறும்போதே கேளுங்கள். மீட்டர் போட்டுச் சுரங்கப்பாதை வழியாகச் சுற்றினால் தூரம் கூடும். நவம்பர் பிற்பாதியில் எஃப் ஒன் கார் பந்தயம் ஸ்ட்ரிப்பிலேயே நடக்கிறது. நீங்கள் போகும் வாரத்திலேயே தடுப்புகளும் பார்வையாளர் மேடைகளும் எழுந்திருக்கும். நீரூற்றைச் சாலையிலிருந்து பார்க்க நினைக்காமல் பெல்லாஜியோ பக்கத்திலிருந்து பாருங்கள்.