ஒரே 3டி திரை, ஆறு பேர்: எல்லோருக்கும் சரியாகத் தெரிய வழி உண்டா?

பைப்லைன்பாண்டி:
ஆலை டிசைனைப் பார்த்துப் பேச எங்கள் ஆபீஸில் பெரிய 3டி ப்ரொஜெக்டர் திரை ஒன்று இருக்கிறது. இரு கண்களையும் மாறி மாறி மறைக்கும் ஷட்டர் கண்ணாடி எல்லோருக்கும் உண்டு, ஆனால் தலை அசைவைப் பிடிக்கும் டிராக்கர் ஒரே ஒரு கண்ணாடியில்தான். அதைப் போட்டிருப்பவருக்குப் பிரமாதமாகத் தெரிகிறது. அவர் "இந்த வால்வைத் திருப்ப இடமே இல்லை பாருங்க" என்று விரலை நீட்டினால், பக்கத்தில் நிற்கும் எனக்கு அந்த விரல் வெறும் காற்றைக் காட்டுகிறது, வால்வு வேறெங்கோ மிதக்கிறது. அவர் நகர்ந்தால் மொத்த ஆலையும் எனக்குச் சாய்கிறது, கொஞ்ச நேரத்தில் தலைசுற்றல். விற்றவர்கள் இன்னும் வெளிச்சமான ப்ரொஜெக்டர் வாங்கச் சொல்கிறார்கள். அது உதவுமா? நாங்கள் ஐந்தாறு பேர்.

ஒளிக்கற்றை:
வெளிச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, காசைக் கரியாக்காதீங்க. டிராக்கர் போட்டவரின் கண்கள் எங்கே இருக்கின்றனவோ, அந்த இடத்துக்காகத்தான் படம் வரையப்படுகிறது. 1992-ல் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் கேவ் என்ற, சுவர்களே 3டி திரையான அறையைக் காட்டிய காலத்திலிருந்தே இருக்கும் தொல்லை இது. அவருக்கும் திரைக்கும் சரிபாதியில் வால்வு மிதந்தால், திரையிலிருந்து அதே தூரத்தில், ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் உங்களுக்கு அது அரை மீட்டர் உங்கள் பக்கம் நகர்ந்து தெரியும். விரல் எப்படிப் பொருந்தும்?

முறையான தீர்வு, ஆளுக்கு இரண்டு படம், கண்ணுக்கு ஒன்று. 1997-ல் ஸ்டான்போர்டில் ஒரு மேசைத் திரையில் இரண்டு பேருக்கு இப்படிச் செய்தார்கள். நொடிக்கு 144 படம், நான்கு கண்களுக்குப் பங்கு போட்டால் கண்ணுக்கு 36-தான். மினுக்கும். ஷட்டர் முழுசாக மூடாவிட்டால் அடுத்தவர் படமும் நிழல் மாதிரி கசியும்.

சாய்சதுரம்:
ஆறு பேருக்கே செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வைமர் நகரத்து பௌஹாஸ் பல்கலைக்கழகம், 2011. ஆறு டிஎல்பி (நுண்கண்ணாடிச் சில்லால் படம் காட்டும்) ப்ரொஜெக்டர்களைத் தங்கள் தேவைக்கு மாற்றியமைத்து, நொடிக்கு 360 படம் ஓட்டினார்கள். இடக்கண் வலக்கண்ணைப் பிரிப்பது போலரைசேஷன் (ஒளி அதிரும் திசையை வைத்துப் பிரிப்பது), ஆளைப் பிரிப்பது ஷட்டர், ஆகவே 360-ஐ ஆறு பேருக்குப் பங்கு போட்டாலும் கண்ணுக்கு 60 கிடைக்கிறது. ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் கண்ணாடி கூடுதல் வெளிச்ச முறைக்கு மாறிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது வேறு. திரையில் தெரியும் உலகத்துக்குள் ஆறு பேரும் கூட்டமாக நகரும்போது குறுகிய வாசல் வந்தால் ஓரத்தில் நிற்பவர் சுவருக்குள் போய்விடுவார் அல்லவா, அதற்குச் சுவரை மங்கவிடுவது, இல்லையென்றால் அவரை மட்டும் அவருக்கே தெரியாமல் லேசாகத் திருப்பி வாசல் வழியே விடுவது என்று இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். அந்த நொடியில் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறோம் என்பது பொய்தான், ஆனாலும் சோதித்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதையே விரும்பினார்களாம். என்ன, அவர்களே மாற்றியமைத்தது அது, கடையில் அப்படியே வாங்கிய சாமான் இல்லை.

பைப்லைன்பாண்டி:
அப்படியானால் கண்ணை மூடி மாட்டும் விஆர் ஹெட்செட் ஆளுக்கொன்று மாட்டிவிடலாமா?

ஒளிக்கற்றை:
மாட்டலாம், ஆளுக்கு ஆள் பார்வை தனியாகக் கிடைத்துவிடும். ஆனால் எல்லா ஹெட்செட்டும் அறையில் இடங்களை ஒன்றுபோலக் கணக்கிடவில்லை என்றால் அதே விரல் பிரச்சினைதான். எதிரில் நிற்பவர் முகமும் போய்விடும், வாக்குவாதத்தில் அது பெரிய நஷ்டம்.

செலவில்லாமல் ஒன்று சொல்கிறேன். பேசப்போகும் பொருளைத் திரையின் தளத்துக்கே இழுத்து வையுங்கள். திரைமேல் இருக்கும் புள்ளி யாருக்கும் நகராது, எல்லோர் விரலும் ஒத்துப்போகும். டிராக்கரை அணைத்துப் பார்வையை நடுவில் நிறுத்திவிட்டால் அவர் நகர்வதால் சாய்வதும் நிற்கும்.

பைப்லைன்பாண்டி:
திங்கட்கிழமை செய்து பார்க்கிறேன். டிராக்கர் கண்ணாடி எப்போதும் மேனேஜர் தலையில்தான் இருக்கும், அணைக்கப்போவதை அவரிடம் யார் சொல்வது?