சின்ன பட்ஜெட் ஹோம் தியேட்டர்: முன் ஸ்பீக்கரும் சரவுண்டும் டெல்டா வீடுகளில் எப்படி அமைகின்றன? (ஒருவர் கேள்வி, மற்றவர்கள் பதில்; எழுதியவரின் ஊர் மேலே)

திருவாரூர்

ஹால் 12-க்கு 16 அடி. கான்கிரீட் கூரை, 10 அடி உயரம், தரை டைல்ஸ். டிவி 55 அங்குலம், 12 அடிச் சுவரில். சோபா எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. தொடக்க விலை 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் ஆம்ப்ளிஃபயர்) வாங்கியாயிற்று. ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் (பேஸுக்கு மட்டுமான பெட்டி) சேர்த்து 45,000 ரூபாய். முன்னால் டவர் (தரையில் நிற்கும் உயரமான பெட்டி) வைத்துவிட்டுப் பின்னால் கிடைத்ததை மாட்டலாமா, இல்லை ஐந்தும் சின்னதாக ஒரே செட்டா? இதே மாதிரி ஹாலில் போட்டுப் பார்த்தவர்கள் கண்டதை எழுதுங்கள்.

கும்பகோணம்

டவர் ஆசையை விட்டுவிடுங்கள் சார். இந்த விலையில் வரும் டவரில் பெரும்பாலும் அதே கம்பெனியின் சின்னப் பெட்டியான புக்‌ஷெல்ஃபின் ட்வீட்டரும் (கீச்சு ஒலிக்கு) வூஃபரும்தான் (கனத்த ஒலிக்கு) இருக்கும், கூட ஒரு வூஃபர். மிச்சக் காசு பலகைக்குப் போகிறது. அந்தப் பலகையும் மெல்லிசு. பெரிய பெட்டியை மெல்லிய பலகையில் அடித்தால், ஆண் குரலின் கனம் இருக்கும் 100–200 ஹெர்ட்ஸ் பகுதியில் பெட்டியே சேர்ந்து பாடும். கடையில் விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள்: 'டக்' என்று நின்றால் நல்லது, 'டொங்' என்று இழுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். எப்படியும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர்தான் பார்க்கப்போகிறது. டவரின் கூடுதல் பேஸுக்கு வேலையே இல்லை.

முன்னால் 5¼ அல்லது 6½ அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி. அட்டையில் வாட் எண்ணைப் பார்க்காதீர்கள், சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டரில் 88 தரும். உங்கள் சோபா 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே 12 டெசிபல் போய் 76. சுவர்கள் திருப்பித் தருவது ஒரு 3 என்று வைத்தால் 79. சண்டைக் காட்சியின் உச்சம் 95 வேண்டுமென்றால் இன்னும் 16 டெசிபல், அதாவது 40 வாட். அதுவே 85 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 80 வாட் கேட்கும். 82 என்றால் 160. உங்கள் ரிசீவர் அங்கே படுத்துவிடும்.

ரிசீவர் அட்டையில் 130 வாட் என்று போட்டிருந்தாலும் கீழே பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரே சேனல், 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் என்று இருந்தால் அது விளம்பர எண். 8 ஓம், இரண்டு சேனல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் என்று இன்னொரு வரி இருக்கும், அதுதான் நிஜம். பிஎம்பிஓ (ஒரு கணத்து உச்ச வாட்) என்று போட்ட எதையும் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட்டில் அளந்து 88 என்று போட்டிருப்பார்கள். அங்கே போவது 2 வாட். ஒரு வாட் கணக்கில் அது 85தான்.

காசைப் பிரித்தால்: முன் ஜோடிக்கும் சென்டருக்கும் (டிவிக்கு நேரே நடுவில் வரும் ஸ்பீக்கர்) 25,000, 10 அங்குல சப்வூஃபருக்கு 11,000, சரவுண்ட் ஜோடிக்கு (கேட்பவரின் பக்கத்திலோ பின்னாலோ வருவது) 6,000, மிச்சம் 3,000 வயர், பிராக்கெட், ஸ்டாண்டுக்கு. சரவுண்டில் மிச்சம் பிடித்துச் சென்டரில் போடலாம். தலைகீழாகச் செய்தால் ஆறு மாதத்தில் சென்டரை மாற்றுவீர்கள்.

தஞ்சாவூர்

சென்டரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் வரும் புகாரில் பாதி ஒன்றேதான்: "வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது." படத்தின் வசனத்தில் பெரும்பகுதி சென்டரில் வருகிறது. அதை ஷோகேஸ் மாடத்துக்குள் தள்ளி வைத்து, மேலே பொம்மை, முன்னால் போட்டோ என்று அடுக்கினால் குரல் குடத்துக்குள்ளிருந்து வரும். மாடம்தான் வழி என்றால் ஸ்பீக்கரின் முகம் பலகை விளிம்புக்கு அரை அங்குலம் வெளியே நிற்கட்டும். பின்னால் போர்ட் (காற்று போய்வரும் ஓட்டை) இருந்தால் அதில் துணியைச் சுருட்டி லேசாக அடையுங்கள். மாடத்தின் மிச்ச இடத்தில் பஞ்சு.

படுக்கவைத்த சென்டரில் இரண்டு வூஃபருக்கு நடுவே ட்வீட்டர் இருக்கும். நேர் எதிரே சரி. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு வூஃபரின் ஒலியும் முன்பின்னாக வந்து ஒன்றையொன்று தின்னும். அங்கே குரல் மெலிந்து கேட்கும். ஏழெட்டுப் பேர் பரவி உட்காரும் வீட்டுக்கு, டிவிக்குக் கீழே உயரம் இருந்தால், முன் ஜோடியில் உள்ள அதே புக்‌ஷெல்ஃபில் மூன்றாவதை நட்டமாக நிறுத்துவது மேல். சில கடைகளில் ஒற்றையாகத் தருவார்கள், கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதே வரிசைச் சென்டர். வேறு கம்பெனிச் சென்டர் போட்டால், கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் எஞ்சின் மாறிய மாதிரி இருக்கும்.

தரையில் உட்கார்ந்து பார்க்கிற வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. சோபாவில் காது தரையிலிருந்து சுமார் 3¼ அடி, தரையில் உட்கார்ந்தால் 2½ அடி. டிவியோ 4 அடிக்கு மேல் தொங்குகிறது. சென்டரை டிவிக்கு மேலே ஏற்றாதீர்கள். கீழே வைத்து, முன்பக்கம் ரப்பர் புஷ் கொடுத்து முகத்தைச் சற்று நிமிர்த்துங்கள். சோபாவின் காதுக்குக் குறி வைத்தால் தரையில் இருப்பவர்களுக்கும் ஒப்பேறும்.

பிறகு அந்தச் சோபா. சுவரை ஒட்டியே இருந்தால் பேஸ் ஊதிப்போகும். 16 அடி நீளம் 35 ஹெர்ட்ஸிலும், 12 அடி 47-லும், 10 அடி உயரம் 56-லும் அதிரும். நீளவாக்கு அதிர்வு சுவரோரத்தில்தான் உச்சம். கோணமும் கெடும்: இடது வலது ஸ்பீக்கர் 9 அடி இடைவெளியில் நின்றாலும், 4 மீட்டர் தள்ளியிருக்கும் காதுக்கு நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 19 டிகிரிதான் ஆகிறது. 22-லிருந்து 30 வேண்டும். சோபாவை 3 அடி முன்னால் இழுத்தால் 24 டிகிரி வந்துவிடும், பேஸ் இறங்கும், சரவுண்டுக்குப் பின்னால் இடம் கிடைக்கும். இந்த மூன்று அடியை விட்டுக்கொடுக்க வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் எந்த ஸ்பீக்கர் வாங்குவதையும்விடக் கஷ்டம்.

நாகப்பட்டினம்

கடலோரம் இருப்பவர்கள் கோன் விளிம்பைப் பார்த்து வாங்கணும். விளிம்பு ஃபோம் என்றால் ஈரக்காற்றில் சில வருஷத்தில் பிசுபிசுத்து உதிர்ந்துடும். ரப்பர் விளிம்பு தாங்கும். பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது முன்வலையைக் கழற்றி விளிம்பை விரலால் லேசா அழுத்துங்க. தூள் ஒட்டினால் வேண்டாம்.

எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பெட்டியின் அடியிலும் பின்பக்க வெட்டிலும் லேமினேட் மூடாமல் விட்டிருப்பாங்க. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அங்கேதான் உப்பும். வாங்கின அன்றே வார்னிஷ் இரண்டு கோட் கொடுத்துடுங்க. தரையில் நேரா வைக்காம ரப்பர் புஷ் போடுங்க. பெட்டி முதுகு சுவரைத் தொடக்கூடாது, கரையான் அந்த வழியாத்தான் வரும்.

டெர்மினலில் வெறும் செம்புக் கம்பியை முறுக்கிச் செருகினால் உப்புக்காத்தில் பச்சை பூத்துடும். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுது என்றால் முதல்ல அதைப் பாருங்க. தங்க முலாம் பூசிய பனானா பிளக் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்தால் போதும்.

மன்னார்குடி

சரவுண்டுக்கு 4 அங்குல வூஃபர் தாராளம். கிராஸ்ஓவரை (இதுக்குக் கீழே உள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போகும்) 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வைங்க. இடம்தான் முக்கியம்: காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் பின்னால், முன்பக்க நடுவிலிருந்து எண்ணினால் 110 டிகிரி சுமார். உயரம் காதுக்கு மேலே 2 அடி. சோபாவைச் சுவரை விட்டு நகர்த்தவே முடியாதுன்னா, ரெண்டு பக்கச் சுவரிலும் 90 டிகிரியில் எதிரெதிரா மாட்டுங்க. பின்சுவரில் மாட்டி நேரா மண்டைக்குப் பின்னால் ஊத விட்டா, மழைச் சத்தமும் கூட்டத்துச் சத்தமும் பிடரியில் வந்து குத்தும்.

புதுச் செங்கல் சுவரில் 8 மில்லி ட்ரில், ராவல் பிளக், போதும். பழைய சுண்ணாம்புக் காரை வீட்டில் அது நிக்காது. பூச்சு மட்டும் ஒரு அங்குலத்துக்கு மேல இருக்கும், திருகும்போதே உதிரும். அங்கே ஒரு தேக்கு ரீப்பரை நாலு நீள பிளக்கில் செங்கல் வரைக்கும் இறக்கிப் பிடிச்சு, பிராக்கெட்டை அந்த ரீப்பரில் திருகணும்.

வயர் சமாச்சாரம்: சரவுண்டுக்குச் சுவர் ஓரமா சுத்தி வந்தா ஒரு பக்கம் 10 மீட்டர் ஆகும். 1.5 சதுர மில்லி செம்பு போதும். போக வர 20 மீட்டருக்கு கால் ஓம் சொச்சம்தான் தடை. செம்பு பூசின அலுமினியம் பார்க்க அதே நிறம், தடை ஒன்றரை மடங்கு, ரெண்டு தடவை வளைச்சா முறியும். நுனியைச் சுரண்டினா வெள்ளை தெரியும். தூக்கிப் பார்த்தாலும் லேசா இருக்கும்.

அறுப்பு முடிஞ்சா எலி வீட்டுக்குள்ள வரும், எல்லாருக்கும் தெரியும். பரண் மேல திறந்த வயரா விடாதீங்க. முக்கால் அங்குல பிவிசி பைப்பில் இழுத்து, ரெண்டு வாயையும் அடைச்சிடுங்க. எலி கடிச்ச வயரில் ரெண்டு கம்பியும் தொட்டுக்கிட்டா ரிசீவர் புரொடெக்‌ஷன் போட்டு அணைஞ்சுடும். ரிசீவர் போச்சுன்னு சர்வீசுக்குத் தூக்கிட்டு ஓடுறதுக்கு முன்னால எல்லா வயரையும் கழற்றிட்டு ஆன் பண்ணிப் பாருங்க. ஆன் ஆனா குத்தம் வயரில்.

மயிலாடுதுறை

கான்கிரீட் ஹால் கணக்கு முற்றம் வைத்த வீட்டுக்குப் பொருந்தாது. கூடத்தின் ஒரு பக்கம் திறந்தே இருப்பதால் பேஸ் முற்றத்தின் வழியே போய்விடும். 10 அங்குலம் போதாது, 12 வேண்டும், அதுவும் மூலையில். ஒரு பக்கம் சுவரே இல்லாததால் சரவுண்டை மரத்தூணில் கிளாம்ப் போட்டு நிறுத்துகிறார்கள். தூணில் ஓட்டை போட வேண்டாம். ஊஞ்சலில் உட்கார்ந்து சரவுண்ட் கேட்பவருக்கு யாராலும் அளவு வைத்துத் தர முடியாது.

டைல்ஸ் ஹாலுக்கு ஒன்று. நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று எதிரொலி இழுத்தால் எந்த ஸ்பீக்கரும் கூசத்தான் செய்யும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு வைத்த தடித்த திரை, பின்சுவரில் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைத் துணி உறை போட்டு நிறுத்துவது. கோரைப்பாய் பெயருக்குத்தான், மெல்லியது. ட்வீட்டர் கூச்சத்தைக்கூட முழுதாகத் தொடாது.

கும்பகோணம்

மாட்டி முடித்த பிறகு செய்ய வேண்டியது. ரிசீவர் மெனுவில் ஐந்தையும் 'ஸ்மால்' ஆக்குங்கள். வூஃபர் எவ்வளவு பெரிதென்பது இங்கே பேச்சில்லை, பேஸை சப்வூஃபருக்கு அனுப்பு என்பதுதான் பொருள். முன் மூன்றுக்கும் கிராஸ்ஓவர் 80. சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் விட்டுவிடுங்கள். இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும்.

சிவப்பு கறுப்பு மாறினால் குரல் நடுவில் நிற்காமல் சிதறும். சந்தேகம் இருந்தால் வயரை ரிசீவர் பக்கம் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியைச் சிவப்புக்கு ப்ளஸ் வைத்து ஒரு கணம் தொடுங்கள். வூஃபர் வெளியே தள்ளினால் சரி.

மைக் வந்திருந்தால் ஆட்டோ செட்டப் ஓட்டுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு. மைக் இல்லாத மாடலில் டேப் வைத்துத் தூரம் அளந்து போடுங்கள். ஒரு அடி பிசகினால் ஒரு மில்லி செகண்டுக்குச் சற்றுக் குறைவு. டெஸ்ட் டோனில் ஐந்தும் ஒரே அளவு காட்டும்படி போன் ஆப்பில் சரிசெய்யுங்கள். போன் மைக் பேஸில் பொய் சொல்லும், ஆகவே சப்வூஃபரைக் காதால் வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றினால் வீட்டில் பெரியவர்கள் ரிமோட்டைத் தேட மாட்டார்கள்.

ஓடிடியில் வரும் டால்பி டிஜிட்டல் ப்ளஸ் சரவுண்ட் ஒலி ஆப்டிகல் வயரில் போகாது. டிவியின் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் துளை) வழியே எடுங்கள். டிவி ஆடியோவை 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) என்று விட்டிருந்தால் ஏஆர்சியில் ஸ்டீரியோதான் வரும். சரவுண்ட் ஊமையாக இருக்கிறதென்று ஸ்பீக்கரைக் குறை சொல்லும் பலருக்குக் கோளாறு அந்த ஒரு மெனுவில்.

திருவாரூர்

பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டின் நாலு குட்டி ஸ்பீக்கர் பரணில் கிடக்கிறது. அதை சரவுண்டாக மாட்டி 6,000 மிச்சம் பிடிக்கலாமா?

மன்னார்குடி

முதுகில் ஓம் என்ன போட்டிருக்குன்னு பாருங்க அண்ணே. அந்த செட்டில் பலது 3 ஓம், 4 ஓம். உங்க ரிசீவர் முதுகில் '6 ஓம் முதல்'னு இருந்தா கொடுக்காதீங்க. சத்தம் கூட்டினதும் சூடேறி அணையும், அடிக்கடி அணைஞ்சா அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போகும். மெனுவில் இம்பீடன்ஸை மாத்துற வசதி இருக்கேன்னு யாராவது சொல்வாங்க. அது பவரைக் குறைச்சுச் சூட்டைக் கட்டுப்படுத்துறது, 3 ஓமை 6 ஆக்காது. 8 ஓம்னு இருந்தா மாட்டுங்க, கிராஸ்ஓவர் 150-ல் வைங்க. அந்த செட்டோட சப்வூஃபரை மட்டும் தொடாதீங்க, பெரும்பாலும் அதுக்குள்ள ஆம்ப் கிடையாது.