உலோகம் தாங்கும் உயிர்களுக்கு ஆழ்கடல் சுரங்கம் தீங்கா?

கடலோடி:
ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் சுரங்கம் தோண்டினால் உலோகம் கலந்து அங்குள்ள உயிர்கள் அழியும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 350 டிகிரிக்கும் மேலான சூட்டில் செம்பும் துத்தநாகமும் காட்மியமும் கரைந்து பீறிடும் இடம் அது. ஊற்றுச் சிப்பிகளின் செவுளிலும் செரிமானச் சுரப்பியிலும் உலோகம் குவிந்திருக்கிறது. அப்படியும் பாறை தெரியாத அளவுக்கு மண்டி வாழ்கின்றன. இயந்திரம் கிளப்பும் தூசு அவற்றுக்குப் புதிதா என்ன?

மீனா:
உடலில் உலோகம் குவிந்திருப்பதாலேயே பாதிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. உள்ளே நுழையும் உலோகத்தை மெட்டாலோதயோனின் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு பங்கு கரையாத துகளாகி ஒதுங்குகிறது. புரதம் செய்யச் சத்து செலவாகும். வரத்து திடீரென்று கூடி, புரதம் போதாமல் போனால், பிடிபடாத செம்பு செல்லையே தாக்கும்.

கடலோடி:
பாரால்வினெல்லா ஹெஸ்லேரி புழுவைப் பாருங்கள். 2025-ல் வந்த ஆய்வின்படி அதன் உடல் எடையில் 1 சதவீதம் வரை ஆர்செனிக் இருக்கலாம். தோல் செல்லுக்குள் வைத்தே அதை ஊற்று நீரிலுள்ள சல்ஃபைடு என்ற கந்தக நஞ்சோடு சேர்த்து அரிதாரம் என்ற மஞ்சள் கனிமமாக்கிவிடுகிறது. இரண்டு நஞ்சும் ஒரே வேலையில் அடங்கிவிடுகின்றன!

மீனா:
வியக்கவைக்கும் உயிர்தான். ஆனால் அது புகைபோக்கியின், அதாவது ஊற்று வாயில் கனிமம் படிந்து எழும் குழாயின், சூடான பகுதியில் வாழும் ஓர் இனம். சில மீட்டர் தள்ளினாலே நீர் குளிர்ந்துவிடும், அங்கே வாழ்பவை வேறு. ஒரே இனம்கூட இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்தியப் பெருங்கடலின் கைரேய் ஊற்றில் செதில்கால் நத்தைக்கு இரும்பு சல்ஃபைடு பூசிய கருஞ்செதில். சாலிடேர் ஊற்றில் அதே நத்தைக்கு இரும்பில்லாத வெளிறிய செதில். சுரங்க அபாயத்தைக் காட்டியே 2019-ல் அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக, உலக அளவில் அருகிவரும் உயிர்களைப் பதியும் ஐ.யு.சி.என். அமைப்பின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

தென்றல்:
ஊற்று ஓயாமல் உலோகத்தைக் கக்கிக்கொண்டேதானே இருக்கிறது? தோண்டுவதால் கூடுதலாக என்ன வந்துவிடும்?

மீனா:
நல்ல கேள்வி. ஊற்று நீர் குளிர்ந்த கடல்நீரில் பட்டதும் உலோகத்தில் பெரும்பங்கு சல்ஃபைடாகப் படிந்துவிடுகிறது. அந்தப் படிவை நொறுக்கினால் புதுப்பரப்புகள் ஆக்சிஜனில் பட்டு, செம்பு மறுபடி கரைகிறது. அப்புறம், தோண்ட நினைப்பவர்கள் பலரின் கண் அணைந்துபோன ஊற்றுகள் மேல்தான். அங்கே இருப்பவை பவளங்கள், கடற்பஞ்சுகள். உலோக வெள்ளத்தில் வளர்ந்தவை அல்ல. நீரை வடிகட்டித் தின்பவை என்பதால் தூசு நேரே உடலுக்குள் போகும்.

கடலோடி:
சரி, அணைந்த ஊற்றுக்கு உங்கள் வாதம் பொருந்தும். உயிர்ப்புள்ள ஊற்றைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. அங்கே உலோகம் பிரச்சினையே அல்ல.

மீனா:
அங்கே இயந்திரம் முதலில் நொறுக்கப்போவது புகைபோக்கியைத்தான். நீங்கள் சொன்ன புழு குடியிருப்பது அதன் மேல்தான். ஆர்செனிக்கை அடக்கும் திறன் அப்போது அதற்கு எந்த வகையில் உதவும்?