‘ஈண்டு’ காட்டிக்கொடுத்தது

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்தேன்; மற்றவர்கள் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்த்துச் சொல்லும். 7 சதவீதம் என்று வந்தது. 10 வரை தண்டனை இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையே சொல்கிறது. நூலகத்து வாசலில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து நெறியாளர் அம்மா கூப்பிட்டார். இரண்டாம் இயலில் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார். “ஏம்ப்பா, நீ எப்போதிருந்து ‘ஈண்டு’ என்றெல்லாம் எழுத ஆரம்பித்தாய்?”

அந்தப் பத்தியில் ‘இங்கே’ என்பதற்கு ‘ஈண்டு’ இரண்டு இடத்தில், ‘என்க’ ஓரிடத்தில்; இரண்டுமே பழைய நடைச் சொற்கள். மற்ற இருநூற்றுச் சொச்சம் பக்கங்களில் எங்கும் கிடையாது. ஆனால் அது என் பத்திதான் என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைக் கிளறினேன். முதலாண்டில் ஒரு பழைய நூலிலிருந்து பென்சிலால் எடுத்த குறிப்பு அது. மேற்கோள் குறி இல்லை, பக்க எண் இல்லை, நூலின் பெயர்கூட இல்லை. மூன்று வருஷம் கழித்துத் தட்டச்சு செய்தபோது என் சொந்தச் சிந்தனை என்றே நம்பியிருக்கிறேன். (நன்றாக எழுதியிருக்கிறோமே என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன்.) இணையத்திலேயே இல்லாத நூல், மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? நூலைத் தேடிப் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அதே நோட்டிலிருந்து வந்த மற்றப் பத்திகளையும் பார்த்ததில் இன்னும் இரண்டு அகப்பட்டன. இப்போதெல்லாம் அடுத்தவர் வரி நீல மையில், என் வரி கறுப்பில்.

*

(இன்னொரு ஆய்வாளர் சொன்னது.) எனக்கு நடந்தது நேர் எதிர். குறுந்தொகை பற்றிய ஆய்வேடு. 34 சதவீதம் என்று வந்தது. 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை, ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தூக்கம் போச்சு. அறிக்கையைத் திறந்து பார்த்தால், சிவப்பாகிக் கிடந்ததில் பெரும்பகுதி பாடல் அடிகளும் துணைநூற்பட்டியலும். உரிய குறிப்போடு தந்த மேற்கோளையும் பட்டியலையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதிமுறையில் இருக்கிறது. சோதித்தவர் அவற்றை விலக்காமலே ஓட்டிவிட்டார். விலக்கிப் பார்த்ததும் 6.

இதற்கு நடுவில் ஒரு சீனியர் சொன்ன யோசனைதான் மறக்க முடியாதது: “சிவப்பா இருக்கிற இடத்துல எல்லாம் சொல்லை மாத்திப் போடு, குறைஞ்சிடும்.”

சரி அண்ணா, ஔவையார் பாட்டில் எந்தச் சொல்லை மாற்றட்டும்?